எங்க கணக்கு சிஸ்டருக்குப் பொன்விழா: என்ன கொடுக்கலாமுங்க?

சோமனூர்ப்பொண்ணு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கமுங்க. சோமனூர்ப் பக்கம் அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளிக்கூடத்துல படிச்சவ நான். ஆறாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் எங்களுக்குக் கணக்கு எடுத்த சிஸ்டருக்கு அடுத்த மாசம் துறவறப் பொன்விழா. துறவியா இருப்பேன்னு முதல் வார்த்தைப்பாடு குடுத்து 50 வருசம் ஆகுதாம். எங்க செட்டுப் பொம்பளைப் புள்ளைக எல்லாம் வாட்ஸ்அப்புல ஒண்ணு சேந்திருக்கோம். தங்கச் சங்கிலி போடலாங்கறா ஒருத்தி. பணமாவே கவர்ல வெச்சுக் குடுத்தரலாங்கறா இன்னொருத்தி. பட்டுச்சேலைங்கறாங்க நாலு பேரு. எதைக் குடுத்தாலும் அது சிஸ்டர் கைல நிக்காதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். நாங்க அங்காளம்மனைக் கும்புடறவிங்க, சிஸ்டருங்க சேந்திருக்கற துறவறச் சபை நடைமுறையெல்லாம் தெரியாதுங்க. தெரிஞ்சவிங்க சொல்லுங்க.

இந்த சிஸ்டருக்கு ஏன் இத்தனை யோசனைன்னா, ஒண்ணு சொல்றேன். எங்கப்பா நாலு தறி போட்டுக் கூலிக்கு நெசவு ஓட்டிட்டு இருந்தாரு. நான் பத்தாவது முடிச்ச வருசம் மில்லு ஏஜென்ட்டு வீட்டுக்கு வந்தாரு. மூணு வருசம் மில்லு ஹாஸ்டல்லயே தங்கி வேலை செஞ்சா கடைசில 30,000 ரூபா மொத்தமா வரும், புள்ளை கல்யாணத்துக்கு ஆகும்னு சொல்லிட்டுப் போனாரு. அந்தக் காலத்துல எங்க ஊர்ல பாதிப் பொண்ணுக அப்படித்தான் போனாங்க. எங்கப்பாவும் சரின்னுட்டாரு.

சிஸ்டர் காதுக்கு விசயம் எப்படிப் போச்சோ, அன்னைக்குச் சாயங்காலமே தறிக்கூடத்துக்கு வந்துட்டாங்க. நாலு தறியும் ஓடறப்ப பக்கத்துல நிக்கறவிங்க பேசறதே கேக்காதுங்க. அப்பா தறிய நிறுத்தல. நிறுத்துனா பேச்சு வளரும்னு அவருக்குத் தெரியும். சிஸ்டர் பைக்குள்ள கைய விட்டு ஒரு சாக்பீஸ் எடுத்தாங்க. சுண்ணாம்புச் செவுத்துல பஞ்சு அப்பியிருந்த எடத்தைச் சேலைத் தலைப்பால தொடைச்சுட்டு 30,000ன்னு எழுதி, பக்கத்துல 1,095ன்னு எழுதி, வகுத்துக் காட்டுனாங்க. 27 ரூபா சொச்சம். அதைச் சுத்தி ஒரு வட்டம் போட்டுட்டு அப்பா மூஞ்சியப் பாத்துட்டு நின்னாங்க. அப்பா ஒரு தறிய நிறுத்துனாரு. கொஞ்ச நேரங் கழிச்சு மத்த மூணையும் நிறுத்துனாரு. "தெனக்கூலி அது தனியாத் தர்றாங்களே சிஸ்டர்"ன்னாரு. "அதுல சாப்பாட்டுக்கு எவ்வளவு பிடிப்பாங்கன்னு கேட்டீங்களா? பாதில புள்ளை வந்துட்டா அந்த 30,000 உண்டான்னு கேட்டீங்களா?"ன்னாங்க. அப்பா கேட்டிருக்கல.

நான் பதினொண்ணாவது சேந்தேன். இன்னைக்கு ஒரு பேங்க்குல வேலை பாக்கறேன். எங்க செட்டுல இந்த மாதிரிக் கதை எனக்கு மட்டுமில்லீங்க.

---

தறிநாடா எழுதியது:

சங்கிலி வேண்டாமுங் அம்மிணி. எங்கூர் கான்வென்ட்டுல ஒரு சிஸ்டருக்கு ரிட்டயர்மென்ட்டப்போ பெற்றோர் சங்கம் மோதிரம் போட்டாங்க. அடுத்த வாரமே கான்வென்ட்டுத் தலைவி மதர் கைக்குப் போயிருச்சு. யாரையும் குத்தம் சொல்றதுக்கில்ல, அவிங்க முறை அப்படி. ஆனா குடுத்தவிங்களுக்கு மனசு சங்கடமாப் போச்சு.

---

மலைச்சாரல் எழுதியது:

நான் ஒரு சபையில் நவதுறவு (வார்த்தைப்பாட்டுக்கு முந்திய பயிற்சிக் காலம்) வரை இருந்துவிட்டு வெளியே வந்தவள். பெயரும் சபையும் வேண்டாம். கேட்டதற்குத் தெரிந்த வரை சொல்கிறேன்.

மூன்று வார்த்தைப்பாடுகள்: ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல். வெளியில் இருப்பவர்கள் இரண்டாவதைப் பற்றித்தான் கேட்பார்கள். உள்ளே இருப்பவர்களுக்குத் தினமும் உறைப்பது மற்ற இரண்டும்தான். ஏழ்மை என்றால் குடிசையில் இருப்பது என்று பொருளில்லை. எதுவும் "என்னுடையது" இல்லை என்பதுதான். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தில் 668ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது: ஒரு துறவி தன் உழைப்பால் பெறுவது சபைக்கு. ஓய்வூதியம், மானியம், காப்பீட்டுத் தொகை என்று எந்த வழியில் வந்தாலும் பொதுவாக அதுவும் சபைக்கே. உங்கள் சிஸ்டர் உதவி பெறும் பள்ளியில் அரசுச் சம்பளம் வாங்கியிருப்பார். அது மாதாமாதம் அவர் பெயரில் வந்து சபையின் பொதுப் பணத்தோடு சேர்ந்திருக்கும். செருப்பு அறுந்தால் தலைமைச் சகோதரியிடம் கேட்டுத்தான் வாங்குவோம். வீட்டுக்குப் போய்வரப் பஸ் சார்ஜும் அப்படித்தான். பேனா ரீஃபிலுக்குக்கூட நான் கணக்கு எழுதியிருக்கிறேன்.

ஒரு நாள் எப்படி ஓடும் என்று பலருக்குத் தெரியாது. விடியற்காலை 5 மணிக்கு முன்பே எழுந்தாக வேண்டும். தியானம், காலைச் செபம், திருப்பலி. பிறகு அடுக்களையோ தோட்டமோ மாடோ, அன்றைக்கு யாருக்கு எது முறையோ அது. 9 மணிக்கு எல்லா டீச்சர்களையும் போல வகுப்பு. மாலையில் ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு ஸ்டடி. செபமாலை, இரவுச் செபம், அதன்பின் மௌனம். பரீட்சை விடைத்தாள் திருத்துவதெல்லாம் அந்த மௌன நேரத்தில்தான். மற்ற ஆசிரியர்கள் வீட்டுக்குப் போனதும் பள்ளிக்கூடம் முடிந்துவிடும். சிஸ்டர்களுக்கு வீடும் அதே வளாகம்தானே, முடிவதே இல்லை. லேப் சாவியைத் தேடி ராத்திரி 8 மணிக்கு வாட்ச்மேன் கதவைத் தட்டுவார்.

ஆகவே சங்கிலி, பணம், பட்டு மூன்றும் வேண்டாம். சங்கடப்பட்டுக்கொண்டே வாங்கி, சந்தோஷமாகச் சபையிடம் கொடுத்துவிடுவார்.

---

திருப்பூர் ஆடிட்டர் எழுதியது:

பணமாகக் கொடுக்க நினைப்பவர்கள் கவனத்துக்கு. சட்டப்படி ஒரு விஷயம் உண்டு.

துறவிகளின் பள்ளிச் சம்பளம் சபைக்குத்தானே போகிறது, அவர்கள் சொந்த வருமானம் இல்லையே என்று பல ஆண்டுகள் வருமான வரி பிடிக்காமல் இருந்தார்கள். துறவறம் ஏற்றவர் சிவில் வாழ்வைப் பொறுத்தவரை இறந்தவர் போல என்பது சபைகள் வைத்த வாதம். 2019இல் சென்னை உயர்நீதிமன்ற அமர்வு அதை ஏற்கவில்லை. சம்பளம் தனிநபர் பெயரில்தான் வருகிறது, வந்த பிறகு அவர் யாருக்குக் கொடுக்கிறார் என்பது அவர் விருப்பம், எனவே 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 192ஆம் பிரிவின்படி பிடித்தம் உண்டு என்றது. 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்துவிட்டது. ஆக, சட்டத்தின் கண்ணில் சிஸ்டரும் ஒரு தனிநபர்.

அப்படியென்றால் உங்கள் அன்பளிப்புக்கும் அதே விதி. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரே நிதியாண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் பணமாகப் பெற்றால், 50,000க்கு மேற்பட்ட பகுதி மட்டுமல்ல, மொத்தத் தொகையும் அவரது வருமானமாகக் கணக்கிடப்படும். நீங்கள் அன்பாகக் கொடுத்து, எழுபது வயதைத் தாண்டியவரை ரிட்டர்ன் தாக்கல் செய்ய அலைய விடாதீர்கள். கொடுப்பதை அறக்கட்டளைக்கோ பள்ளிக்கோ காசோலையாகக் கொடுங்கள். நன்கொடைக்கு வரிக் கழிவு கிடைக்கும் அமைப்பாக இருந்தால் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தக் கழிவு கிடையாது.

---

ஈரோட்டுக் கேள்வி எழுதியது:

எல்லாரும் புகழ்கிறீர்கள். அந்த சிஸ்டர் மேல் எனக்கும் மரியாதை வந்துவிட்டது, அந்தச் சுவர்க் கணக்கைப் படித்ததும். ஆனால் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

என் சித்தி மகள் பத்தாவது முடித்ததும் ஒரு சபையில் சேர்ந்தாள். முப்பது வருஷத்துக்கு மேல் பாடம் நடத்தினாள். சித்தி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது மூன்று நாள் லீவுக்கு மேல் கிடைக்கவில்லை, அடுத்த வாரம் பரீட்சை என்று திரும்பிப் போய்விட்டாள். அவள் சம்பளம் எல்லாம் சபைக்கு. சித்தியின் மருந்துச் செலவு அண்ணன் தலையில். இதை அர்ப்பணிப்பு என்று சொல்லி நாம் கை தட்டுகிறோம். பதினாறு வயதில் ஒரு பெண் எடுத்த முடிவுக்கு அறுபது வயதுவரை அவளிடம் யாராவது "இன்னும் சம்மதமா" என்று கேட்டார்களா? வெளியே வர நினைத்தால் கையில் என்ன இருக்கும்?

---

மலைச்சாரல் எழுதியது:

கேள்வி சரியானது. பதில் சொல்லக் கடமைப்பட்டவள் நான்.

சேர்ந்த அன்றே முடிந்துபோகிற விஷயமில்லை. முதலில் சில ஆண்டுகள் வெறும் மாணவியாக இருந்து பார்ப்பது. பிறகு நவதுறவு, குறைந்தது 12 மாதம். அதன்பின் முதல் வார்த்தைப்பாடு, அதுவும் காலவரம்புக்கு உட்பட்டது, புதுப்பித்துக்கொண்டே வருவார்கள். குறைந்தது மூன்று ஆண்டுகள் அப்படி இருந்த பிறகுதான், 21 வயது நிரம்பியவர்தான் இறுதி வார்த்தைப்பாடு கொடுக்க முடியும். ஒவ்வொரு படியிலும் எழுத்தில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். நான் நவதுறவு முடிவில் அந்த விண்ணப்பத்தை எழுதவில்லை. யாரும் என்னைத் தடுக்கவில்லை. ஊரில்தான் ஒரு வருஷம் தலைகாட்ட முடியவில்லை.

அதே சமயம் நீங்கள் சொல்வதும் உண்மை. இறுதி வார்த்தைப்பாட்டுக்குப் பிறகு அப்படி ஒரு கேள்வி வருவதில்லை. நாற்பது வயதில் வெளியே வருகிறவளுக்குச் செய்த வேலைக்கான பாக்கி என்று எதையும் கேட்கும் உரிமை கிடையாது, திருச்சபைச் சட்டத்தின் 702ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. நியாயத்தோடும் அன்போடும் சபை நடந்துகொள்ள வேண்டும் என்று அதே பிரிவில் இருக்கிறது. அது சபைக்குச் சபை, தலைவிக்குத் தலைவி வேறுபடும். தாய் படுத்திருக்கும்போது மகளை அனுப்பாத சபையை நான் நியாயப்படுத்த மாட்டேன். எங்கள் வீட்டில் அப்பாவுக்கு முடியாமல் போனபோது ஒரு மாதம் அனுப்பிவைத்தார்கள்.

நான் ஏன் வந்தேன் என்று கேட்டால், எனக்குக் கீழ்ப்படிதல் வரவில்லை. மே மாதம் ஒரு கடிதம் வரும். ஜூனில் வேறு ஊர், வேறு பள்ளி. பத்து வருஷம் வளர்த்த வகுப்பை ஒரு பெட்டியோடு விட்டுவிட்டுப் போகிற சிஸ்டர்களைப் பார்த்தேன். என்னால் முடியாது என்று தெரிந்துவிட்டது. முடிந்தவர்களை நான் குறைவாக நினைக்கவில்லை. அவர்கள் என்னைவிடத் தைரியசாலிகள் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

---

சோமனூர்ப்பொண்ணு எழுதியது:

ஈரோட்டு அண்ணா, உங்க சித்தி மகளை நெனச்சா வருத்தமாத்தான் இருக்குதுங்க. எங்க சிஸ்டருக்கும் ஏதோ வருத்தம் இருந்திருக்கும், எங்களுக்குச் சொன்னதில்ல. ஒரு தடவை மட்டும், பின்னத்துல பூஜ்ஜியம் வாங்குன புள்ளை ஒருத்தி கேலிக்குப் பயந்து அழுதப்ப, "நானும் எட்டாவதுல கணக்குல ஃபெயிலு, எங்கம்மா தேங்காயை ரெண்டா ஒடைச்சு, நாலா ஒடைச்சுத்தான் எனக்குப் புரிய வெச்சாங்க"ன்னாங்க. அவுங்க அம்மாவைப் பத்தி நாங்க கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அவுங்க பாடம் எடுக்கறதச் சொல்றேன். விகிதம் நடத்தறப்போ புத்தகத்தைத் தொறக்கவே மாட்டாங்க. "உங்கப்பா ஓட்டற துணில ஒரு இஞ்சுக்கு எத்தனை பாவு இழை, எத்தனை ஊடை இழை? போய் எண்ணிட்டு வாங்க"ம்பாங்க. ராத்திரி கண்ணாடிய வெச்சு இழை எண்ணிட்டுப் போவோம். அடுத்த நாள் ஒவ்வொருத்தி கொண்டாந்த எண்ணும் போர்டுல ஏறும். எந்தத் துணிக்கு எவ்வளவு நூலு புடிக்கும், கூலி ஏன் மாறுதுன்னு நாங்களே கணக்குப் போடுவோம். ஒரு தடவை அப்படிப் போட்டதுல எங்க தெருவுல ஒருத்தருக்கு மீட்டருக்குக் கூலி கொறச்சுக் குடுக்கறது தெரிஞ்சுபோச்சு. அவரு போய்க் கேட்டு வாங்குனாரு.

---

நொய்யல்கரை எழுதியது:

வரலாற்றுப் பக்கம் கொஞ்சம் சேர்க்கிறேன், ஏனென்றால் இந்த சிஸ்டர் தனியாக வானத்திலிருந்து குதித்தவர் அல்ல.

19ஆம் நூற்றாண்டில் நம் பக்கம் குடும்பப் பெண் எழுத்துப் படிப்பது என்றாலே ஊர் ஒரு மாதிரி பார்க்கும். கோயிலில் ஆடும் தேவதாசிகள்தான் படிப்பார்கள் என்பது அன்றைய எண்ணம். அந்தச் சூழலில் 1844இல் புதுச்சேரியில் துய்ப்புய் அடிகளார், தமிழ்ப் பெண்களையே துறவிகளாக்கி, பெண் குழந்தைகளுக்குக் கற்பிப்பதையே முதல் வேலையாக வைத்து ஒரு சபை தொடங்கினார். 1853இல் நம் கோயம்புத்தூரிலேயே ரவேல் அடிகளார் காணிக்கை அன்னை பெயரில் ஒரு சபையைத் தொடங்கினார். அந்தச் சபைச் சகோதரிகள் 1948இல் தொடங்கியதுதான் கோவை நிர்மலா மகளிர் கல்லூரி. பிரெஞ்சுப் பாதிரியார்கள் பெயர் கல்வெட்டில் இருக்கும். வீடு வீடாகப் போய்ப் பிள்ளையை அனுப்புங்கள் என்று கேட்டது இந்த ஊர்ப் பெண்கள். அவர்கள் பெயர் கல்லறைச் சிலுவைகளில் தேதியோடு இருக்கிறது, அவ்வளவுதான். எனக்கு இது நெடுநாள் ஆதங்கம். பொன்விழா மலர் போடுவதாக இருந்தால் சிஸ்டர் நடத்திய பாடத்தை, அந்த இழை எண்ணும் கணக்கை, யாராவது முழுதாக எழுதிவையுங்கள். வாழ்த்துப்பாவும் போட்டோவும் எல்லா மலரிலும் இருக்கும்.

இன்னொன்று. கல்கத்தாவில் அன்னை தெரசா என்றால் தெருவோர நோயாளிகள்தான் நினைவுக்கு வரும். அதற்கு முன்னால் அவர் அங்கே லொரேட்டோ சபைப் பள்ளியில் ஏறக்குறைய இருபது வருஷம் டீச்சர், 1944இல் தலைமையாசிரியை. அந்த வருஷங்களைப் பற்றிப் பேசுவார் யாருமில்லை. கற்பிக்கிற துறவிகளுக்கு எங்கேயும் இதே கதிதான்.

---

கடம்பூர் மலை எழுதியது:

நீங்க சொல்ற சிஸ்டர் இடது கையால போர்டுல எழுதுவாங்களா? வலது புருவத்துல தழும்பு இருக்குமா? அப்படின்னா எனக்கும் தெரியும்.

பள்ளில ரிட்டயர் ஆனதும் எங்க மலைக்கு வந்தாங்க. ஊராளி, சோளகர் பழங்குடிப் பிள்ளைங்க படிக்கிற ஹாஸ்டல்ல சாயங்கால வகுப்பு. நான் அப்ப அங்க சமையலுக்கு உதவியா இருந்தேன். மானாவாரி அறுவடை வந்துட்டா பிள்ளைங்களை வீட்டுல நிறுத்திருவாங்க. சிஸ்டர் காட்டுக்கே போயிருவாங்க, ராகிக் கதிர் அறுக்கறவங்க பக்கத்துல உக்காந்து பிள்ளைங்களை வாய்ப்பாடு சொல்ல வெப்பாங்க. யானை நடமாட்டம் இருக்கற வழி, வேண்டாம்னா கேக்க மாட்டாங்க. முட்டி தேஞ்சு நடக்க முடியாமப் போனதும்தான் கீழ இறக்கினாங்க. போற அன்னைக்கு ஹாஸ்டல் வாசல்ல யாரும் சாப்பிடல.

---

சோமனூர்ப்பொண்ணு எழுதியது:

அவுங்களேதானுங்க! இடது கைதான். தழும்பு நாங்க படிக்கறப்பவே இருந்துச்சு.

---

வெள்ளைச்சேலை எழுதியது:

அன்பானவர்களுக்கு வணக்கம். நானும் ஒரு அருட்சகோதரி, வேறு சபை, இன்னும் பள்ளியில் வேலை செய்கிறேன். எங்கள் கான்வென்ட்டில் என்னைவிட இளையவர் யாரும் இல்லை. எனக்கே 44. பழையபடி பிள்ளைகள் சேர வருவதில்லை, பள்ளிகளில் பாதி வகுப்பு இப்போது வெளி ஆசிரியர்கள்தான். வீட்டுக்கு ஒன்றோ இரண்டோ பிள்ளைகள் என்றான பிறகு இது இயல்பு.

வயதான சகோதரிகளுக்கு உணவுக்கும் மருந்துக்கும் பெரும்பாலும் குறை இருக்காது. குறைவது ஆள் வரவுதான். ஐந்நூறு பிள்ளைகள் நடுவில் முப்பது வருஷம் இருந்தவர்களுக்கு அந்த அமைதி பழகுவதே இல்லை. என்ன வேண்டும் என்று எங்களிடம் கேட்பதைவிட அவரிடமே கேளுங்கள். தலைமைச் சகோதரிக்குப் போன் செய்து அனுமதி வாங்கிவிட்டுப் பேசலாம், தவறில்லை.

ஈரோட்டு ஐயா, உங்கள் தங்கை இருக்கும் ஊருக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். உங்கள் கேள்வியை அவரிடமே கேளுங்கள். நாங்களும் கேட்டுக்கொள்கிற கேள்விதான் அது. ஒவ்வொரு வருடத் தியானத்திலும் எனக்கு வரும்.

---

ஈரோட்டுக் கேள்வி எழுதியது:

போய் நாலு வருஷம் ஆச்சு. தீபாவளி லீவில் போகிறேன் சிஸ்டர். என் கேள்வி அப்படியேதான் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

---

சோமனூர்ப்பொண்ணு எழுதியது:

நேத்து போன் பண்ணிப் பேசிட்டேனுங்க. சிஸ்டர் இப்ப இருக்கறது திருப்பூர் பக்கத்துக் கான்வென்ட்டு. காது கொஞ்சம் மந்தம், கொரல் அப்படியே இருக்குது. என் பேரைச் சொன்னதும் "நாலு தறிக்காரர் மகளா"ன்னாங்க.

என்ன வேணும்னு கேட்டேன். சங்கிலி, பட்டு எல்லாம் சொல்லிப்பாத்தேன், சிரிச்சாங்க. பொறவு அவுங்களாச் சொன்னாங்க. கான்வென்ட்டுக்குப் பின்னால லைன் வீட்டுல பீகார், ஒடிசாக்காரங்க குடியிருக்காங்க, அப்பாம்மா ரெண்டு பேரும் பனியன் கம்பெனிக்குப் போயிடறாங்க. புள்ளைங்க பக்கத்து அரசுப் பள்ளில தமிழ் மீடியத்துல ஒக்காந்திருக்குதுங்க, எழுத்துத் தெரியல. சாயங்காலம் போர்ட்டிகோல ஒக்கார வெச்சு சிஸ்டரே சொல்லிக்குடுக்கறாங்களாம். கணக்குக்கு மொழி வேண்டியதில்ல, வெரலு போதும், தமிழுக்குத்தான் ஆள் பத்தலைங்கறாங்க. "எனக்கு ரெண்டு டீச்சர் வேணும். வாரத்துல ஒரு நாள் வந்தாப் போதும். நீங்க எல்லாம் படிச்சவங்கதானே"ன்னாங்க. அவுங்க சொன்னதை அப்படியே எழுதறேன், சேத்து எழுதல.

அதனால இப்படி முடிவு பண்ணிருக்கோமுங்க. வசூல் ஆகற பணம் மொத்தமும் எங்க பழைய பள்ளிக்கூடத்துக்குக் காசோலையாப் போகுது, பத்தாவது முடிச்சு மேல படிக்க வழியில்லாத புள்ளைங்களுக்கு ஃபீஸுக்கும் ஹாஸ்டலுக்கும். ஆடிட்டர் அண்ணா, ரசீது விசயத்துக்குத் தனிச்செய்தி அனுப்பறேன், பாருங்க. இழைக் கணக்கை நானும் இன்னும் மூணு பேரும் ஒக்காந்து எழுதறோம். நொய்யல்கரை ஐயா ஒரு தடவை பாத்துக் குடுக்கோணும். சிஸ்டருக்குன்னு வாங்கறது ஒரு பெரிய போர்டு, மரக் காம்பஸு, தமிழ் எழுத்து அட்டைக. சாஞ்சு ஒக்கார நல்ல நாற்காலி ஒண்ணு, அது கான்வென்ட்டுக்குன்னு சொல்லிக் குடுத்துரலாம்.

செவ்வாக்கெழமை நான் போறேன். இன்னொரு நாளைக்கு ஆள் வேணும். திருப்பூர்ல இருக்கறவிங்க யாராச்சும் இருக்கீங்களா?

---

மலைச்சாரல் எழுதியது:

அவிநாசியில் இருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஐந்தரை மணிக்கு வந்துவிட முடியும். ஒடியா தெரியாது, இந்தி ஓரளவு வரும். விலாசம் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.

---

தறிநாடா எழுதியது:

போர்டு எங்கிட்ட விட்டுருங்க அம்மிணி. நம்ம பட்டறைல மரவேலைக்கு ஆள் இருக்குது. என்ன அளவுன்னு சிஸ்டரைக் கேட்டுச் சொல்லுங்க, உக்காந்துட்டே எழுதற ஒசரத்துக்குக் காலு வெச்சுத் தந்தர்றேன்.